சுக்ஸ்பிற்சே உச்சியில் இரண்டு நாட்டு வாசல்

ஜெர்மனியின் மிக உயரமான மலையான சுக்ஸ்பிற்சேக்குப் போன செப்டம்பரில் போய்வந்தோம். மியூனிக்கில் இத்தனை வருடம் இருந்தும், வானம் தெளிந்த நாட்களில் தெற்கே தெரியும் மலைகளை தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இந்த முறையும் மலை பார்க்கும் ஆசையில் போகவில்லை. என் கணவரும் அவருடைய தங்கை கலாவும் சந்திக்க வேறு இடம் அமையவில்லை.

கலா ஒஸ்திரியாவில், மலைக்கு அந்தப் பக்கம் ரொய்ட்ட என்ற சிறு ஊரில் இருக்கிறாள். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கரான ஜெராட்டைக் கட்டிய நாளிலிருந்து என் கணவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் சாவகச்சேரியில் இவர்களின் அம்மா, என் மாமி, இறந்தபோது இவர் மட்டும் பக்கத்தில் இருந்தார்; எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் செய்தி போனது. அதற்குப் பிறகு அவளும் பேச்சை விட்டுவிட்டாள். கோடையில் நான்தான் தொலைபேசி எடுத்தேன்.

"உங்கட வீட்டுக்கு நான் வரமாட்டன், மச்சாள். அண்ணையும் இங்க வரவேண்டாம். மலைக்கு மேல வாறதெண்டால் வாறன்," என்றாள்.

மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து கார்மிஷ் வரை ரயிலில் ஒன்றரை மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிலையத்துக்குப் பக்கத்திலேயே பல்சக்கர ரயில் புறப்படுகிறது. ஏறப் பல்சக்கர ரயில், இறங்கக் கேபிள் கார் என்று ஒரே சீட்டாக எடுக்கலாம். கோடையில் ஆளுக்கு எழுபது யூரோவைத் தாண்டும். ஐப்சே ஏரி வரை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி எட்டிப் பார்க்க நிறைய இருக்கிறது. அதன் பின் காடு, பிறகு நீண்ட சுரங்கம். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்துக்கொள்ளும், இனிப்பு ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இவர் இருட்டில் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரங்கம் முடியும் இடத்தில் பனிப்பாறை மேடை. பனிப்பாறை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். செப்டம்பரில் சாம்பல் நிறக் கல்லும், ஓரத்தில் அழுக்கான பனித்திட்டும்தான். அங்கிருந்து சிறிய கேபிள் கார் சில நிமிடங்களில் உச்சியில் விடுகிறது. 2962 மீற்றர். படியில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது.

உச்சியில் இரண்டு நாட்டுக் கட்டடங்களும் ஒட்டியபடி இருக்கின்றன. ஒரு வாசலைத் தாண்டினால் ஒஸ்திரியா. அந்தப் பக்கத்துக் கேபிள் காரில் ஏறிவந்த கலா அந்த வாசலுக்கு அப்பால், தன் பக்கத்து மேடையில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. இவர் அதை எதிர்பார்க்கவில்லை; நடை தளர்ந்து நின்றுவிட்டார். நான்தான் முதலில் போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஆளுக்கொரு கோப்பியோடு மூன்று பேரும் ஜெர்மன் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். பிள்ளைகளின் படிப்பு, ஜெராட்டின் முதுகுவலி, குளிர் என்று பேச்சு போனது. காற்று பலத்தது. திடீரென்று இவர் சொன்னார்:

"அம்மா உன்னைக் கேட்டவ."

கலா கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"கடைசிக் கிழமை. கலா எப்ப வாறாள் எண்டு."

"அப்ப அம்மா சாகக்கிடந்தது உங்களுக்கு முதலே தெரியும். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஜெராட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பாய். அவரோட சனத்துக்கு முன்னால நிக்க எனக்கு ஏலாமல் போச்சு."

"நீங்கள் அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"வந்துகொண்டிருக்கிறாய் எண்டு சொன்னனான்."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. எழுந்து தன் பக்கத்து மேடைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இவர் இரு கைகளையும் மேசையில் விரித்து வைத்தபடி இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அப்படிச் சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை. மாமி அவளைத் தேடிய விஷயம் எனக்கும் அன்றுதான் தெரியவந்தது.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: காற்றினால் ஒஸ்திரியப் பக்கத்துக் கேபிள் காரை நிறுத்தப் போகிறார்களாம், அந்த வழியால் இறங்குகிறவர்கள் உடனே வரவேண்டும். கலா பையைத் தோளில் மாட்டினாள். என் கையை மட்டும் பிடித்து, "போட்டு வாறன், மச்சாள்," என்றுவிட்டு நடந்தாள்.

இவர் எழுந்தார். "நான் அவளோட போறன்."

"எங்கையப்பா? எங்கட சீட்டு இந்தப் பக்கத்துக்கெல்லோ?"

இவர் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினார். நான் வாசலுக்குப் போனபோது கேபினின் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே கலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இவர் அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். அந்த அவசரத்தில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை போல.

எங்கள் பக்கத்துக் கேபிள் கார் ஓடிக்கொண்டிருந்தது. தனியாக இறங்கினேன். பத்து நிமிடத்தில் ஐப்சே. கீழே ஏரி பச்சையும் நீலமுமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் இவர் என்ன ஆனாரோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவருடைய தொலைபேசி என் பையில் இருந்தது.

பின்னேரம், ரயில் மியூனிக்கை நெருங்கும்போது கலாவின் அழைப்பு வந்தது.

"மச்சாள், அண்ணை இங்க இருக்கிறார். ஜெராட் புட்டு அவிச்சவர். ரெண்டு பேரும் சாப்பிடுகினம்." குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னும் அவரோட கதைக்கேல்லை. ஆனால் நாளைக்கு நான்தான் காரில கொண்டுவந்து விடுறன்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடையிலும் தடித்த மேலாடை வேண்டும். எல்லையில் சோதிக்கலாம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சீட்டு வாங்கிய பக்கத்தால்தான் இறங்கலாம். மற்றப் பக்கத்துக்கு வேறாக வாங்க வேண்டும். காற்று எப்போது எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே ஒரு மணிநேரம் போதும் என்கிறார்கள். பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு அது போதும். பேச வேண்டியது இருந்தால் முதல் ரயிலிலேயே ஏறிவிடுங்கள்.