நெஞ்சளவுக் கழி

சவுக்குக் கழியை மடியில் கிடத்தி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சக்கரபாணியின் கைகள் சுரண்டிக்கொண்டிருந்தன. கணு இருந்த இடத்தில் கட்டைவிரல் நின்றது. சில்லு மறுபடி அங்கே போய் வந்தது. உப்பு வாரும் பலகையின் கழியில் சொரசொரப்பு இருந்தால் சித்திரை வெயிலில் உள்ளங்கை பிய்ந்துவிடும். கழியைப் பலகையோடு சேர்க்க ஆணி கிடையாது. உப்புத் தண்ணீரில் இரும்பு தங்காது. மரமுளைதான்.

மரக்காணத்து உப்பளத்தில் பாதிப்பேர் கையில் இருந்தது சக்கரபாணி போட்ட கழி. ஆளை நிற்கவைத்து நெஞ்சுவரை அளந்துதான் அறுப்பார். கழி குட்டையானால் இடுப்பு போய்விடும் என்பார். மகன் செந்தமிழுக்கு மட்டும் அவர் போட்டதில்லை. அவன் யாராவது வைத்துவிட்டுப் போன பலகையை எடுத்து வாருவான்.

“என்னா சக்கரபாணி, ஊருக்கெல்லாம் போடுற, பெத்த புள்ளைக்கு ஒண்ணு போட மாட்டியா?” என்று பக்கத்துப் பாத்திக் குழந்தைசாமி சீண்டுவார்.

“அவனுக்கு எதுக்கு? அவன் மிலிட்டரிக்குப் போறவன். அங்க துப்பாக்கி குடுப்பாங்க.”

2005இல் நடந்த ஆள்சேர்ப்பு முகாமில் செந்தமிழ் ஓட்டத்தில் முன்னால் வந்தான். உயரம் சரி, எடை சரி, மூச்சிழுத்தால் மார்பு விரிவதும் சரி. கண்ணில்தான் தடைப்பட்டது. இடது கண்ணின் ஓரத்திலிருந்து கருவிழிப் பக்கமாக மெல்லிய சதை வளர்ந்திருந்தது. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண். உப்பளத்தில் பலருக்கும் இருப்பதுதான்; யாரும் அதை நோயென்று நினைத்ததில்லை. சதையை எடுத்துவிட்டு மறுபரிசோதனைக்கு வரும்படி ராணுவ டாக்டர் சொன்னார். புதுச்சேரியில் அறுவை நடந்தது. ஆறும்வரை வெயிலும் காற்றும் தூசியும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சுனாமிச் சேற்றை அள்ளிக் கொட்டி, பாத்தியைப் புதிதாக மிதித்து, முதல் உப்பு பூத்திருந்த நேரம் அது. அறுவை முடிந்த மறுவாரம் தெற்கே கருமேகம் கட்டியது. ஒரு மழை பெய்தால் போதும், பூத்ததெல்லாம் கரைந்துவிடும். மேகம் கட்டினால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் பாத்தியில் இறங்குவது அங்கே வழக்கம். சக்கரபாணி வீட்டுக்கு ஓடிவந்தார்.

“டாக்டர் வேணான்னாருப்பா,” என்றான் செந்தமிழ்.

“கறுப்புக் கண்ணாடி போட்டுக்க. செத்த நேரந்தான்.”

வேர்வையில் கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சாயங்காலம்வரை வாரினான். காற்று உப்பை முகத்தில் அடித்தது. மழை வரவேயில்லை. மேகம் அப்படியே கடலுக்குப் போய்விட்டது.

மறுபரிசோதனைக்குள் கண் சிவந்து சதை திரும்ப வளர்ந்திருந்தது. தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முகாமுக்குள் வயது தாண்டிவிட்டது. சிலருக்கு எப்படியும் வளரும் என்று கண் டாக்டர் சொன்னதைச் சக்கரபாணி நம்பவில்லை.

இந்த வருடம் பாத்தி கட்டும்போது செந்தமிழே வந்து, தனக்கும் ஒரு கழி வேண்டும் என்றான். அளக்க நிறுத்தியபோது, பழக்கத்தில் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தான்.

“சும்மா நில்லுடா,” என்றார் சக்கரபாணி. கழியை அவன் நெஞ்சோடு வைத்து அடையாளம் கீறினார்.

இப்போது முளையை அடித்து முடித்து, கழியைத் துணியால் துடைத்தார்.

“அன்னிக்கு ஒன்னக் கூப்ட்டிருக்கக் கூடாது.”

“நீ கூப்புடலன்னாலும் வந்திருப்பேம்பா.”

வந்திருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். எழுந்து பலகையை நீட்டினார். செந்தமிழ் வாங்கி, நிமிர்த்தி நிறுத்தினான். கழி அவன் நெஞ்சுக்குச் சரியாக நின்றது.