பத்து இடத்திலும் உணர்வு உண்டு

கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் கூச்சமில்லாமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வேங்கிக்கால் பக்கம் சர்க்கரை நோய் பார்க்கும் டாக்டர் அம்மாவிடம் வேலைக்கு இருந்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. தரை துடைத்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவனை அவர்தான் கால் பார்க்கப் பழக்கினார். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் அதுதான் என் வேலை.

முதலில் விரலிடுக்கு, குதிகால், காய்ப்பு எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு புறங்கையை வைத்து எந்தப் பாதம் சூடு என்று பார்க்க வேண்டும்; ஒரு பாதம் மட்டும் சுட்டால் உள்ளே புண் இருக்கலாம். கடைசியில், குச்சி முனையில் ஒட்டிய நைலான் இழையால் ஒவ்வொரு பாதத்திலும் பத்து இடம் தொட வேண்டும். இழை லேசாக வளைந்தால் போதும். நோயாளி கண்ணை மூடியபடி "தெரியுது" என்று சொல்ல வேண்டும்.

சர்க்கரை பல வருடம் ஜாஸ்தியாக இருந்தால் கால் நரம்பு செத்துப்போகும். ஆணி குத்தினாலும் வலிக்காது. வலிக்காததால் நடப்பார்கள். நடக்க நடக்கக் காய்ப்புக்கு அடியில் புண் உள்ளுக்குள்ளேயே ஓடும். "வலிக்குதுன்னு வர்றவங்கள நான் பாத்துக்கறேன். வலிக்கலன்னு சொல்றவங்கள நீ பாரு" என்பார் டாக்டர் அம்மா.

உணர்வு இல்லாதவர்களின் கார்டில் 'செருப்பில்லாமல் நடக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதுவோம். இந்த ஊரில் அதை எழுதுவது லேசான காரியம் இல்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். கார்டைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

என் அக்கா வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். மகளுக்குக் குழந்தை பிறந்தால் பன்னிரண்டு பௌர்ணமி மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்தது. ஒன்பது சுற்று முடித்திருந்தார். அவருக்கும் சர்க்கரை இருந்ததால், கால் பார்த்துக் கார்டு கொண்டுவந்தால்தான் பத்தாவதுக்கு விடுவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாளாம். டாக்டர் அம்மா ஊரில் இல்லாத ஒரு நாளில் அக்காவும் மாமாவும் வந்தார்கள்.

"நாளைக்கு வாங்க, டாக்டரம்மா இருப்பாங்க" என்றேன்.

"அவங்க எதுக்குடா? பாக்கறது நீதானே" என்றாள் அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது.

முதுகு வலிக்கிறது என்று மாமா படுக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து காலை நீட்டினார். அக்கா பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். தைரியம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இடது பாதம் வலதைவிடச் சூடாக இருந்தது. பஸ்ஸில் இன்ஜின் பக்கம் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார். பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு தடித்திருந்தது. நிலத்தில் நடக்கிற கால் என்று விட்டுவிட்டேன்.

"கண்ண மூடிக்கோங்க மாமா."

"என்ன மச்சான், கண்ணாமூச்சியா?"

"மூடுன்னா மூடேன்" என்றாள் அக்கா.

தொட்டேன். தெரியுது என்றார். அடுத்த இடம். தெரியுது. நடுவில் தொடாமல் சும்மா இருந்து பார்த்தேன். குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். மாமா வாயே திறக்கவில்லை. மறுபடி தொட்டதும், தெரியுது. இரண்டு காலிலும் பத்துக்குப் பத்து. அந்தச் சூட்டை மறந்தேன். 'பத்து இடத்திலும் உணர்வு உண்டு' என்று நீல மையில் எழுதிக் கொடுத்தேன்.

பத்தாவது பௌர்ணமி முடிந்த ஐந்தாம் நாள் அவரைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். இடது காலில் காய்ப்பு வெடித்துச் சீழ் ஓடியது. விரல்கள் கறுத்திருந்தன. டாக்டர் அம்மா இழையால் தொட்டார். எங்கேயும் உணர்வு இல்லை. கார்டைப் பிரித்தார்.

"இது நீ பாத்ததா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள்: "இவந்தாங்க பாத்தான். நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தான். அத நம்பித்தான் அனுப்பினோம்."

வேலூரில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். மாமா சிரித்தார்.

"உன்னையே ஏமாத்திட்டோம் பாத்தியா மச்சான்! நீ தொடறப்பல்லாம் உங்க அக்கா தோள அழுத்துவா. நான் தெரியுதுன்னுவேன். நீ சும்மா இருந்தப்ப அவளும் சும்மா இருந்தா."

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். கேட்டேன்.

"ஆடி மாசமே கால்ல வெந்நி கொட்டிக் கொப்புளம் வந்துச்சுடா. அவருக்குத் தெரியவே இல்ல. இன்னும் மூணு பௌர்ணமிதானேன்னு பாத்தோம்."

"டாக்டரம்மாகிட்ட ஏன் என் பேரச் சொன்ன?"

"வேற என்ன சொல்லுவேன்? படிச்சவங்க முன்னாடி, நாங்க பொய் சொன்னோம்னு சொல்லவா? நீ அங்கயே கெடக்கறவன். உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

என்னைத் திரும்ப டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். நடந்ததை நான் சொல்லியிருக்கலாம். அக்காவைப் பொய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு, என் புறங்கையில் பட்ட சூடு நிஜம். அதை விட்டுவிட்டு அவர்கள் வாயை நம்பியது நான்தான்.

குழந்தையின் காதுகுத்துக்குப் போனேன். மகள் என்னை "வாங்க" என்று கேட்கவில்லை. அப்பாவின் கால் என் கார்டால்தான் போனது என்று நம்புகிறாள். பந்தியில் அக்கா என் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். "சாப்பிடுடா" என்றாள். அவகிட்ட எப்பச் சொல்லுவ என்று கேட்க நினைத்தேன். பக்கத்து இலைகளில் ஆட்கள் இருந்தார்கள். பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.