அம்மன் நெத்தியில ஸ்டிக்கர் பசை

எங்க வூட்டுப் பீங்கான் அம்மன் முகம் வழவழன்னு இருக்கும், குங்குமம் நிக்காது. அதனால ஸ்டிக்கர் பொட்டு வச்சேன். ஆடி வெள்ளிக்கு அதை எடுத்தா, நெத்தியில பசை கறுப்பா அப்பியிருந்தது. நகத்தால சுரண்டினேன், புருவ ஓரத்துச் சாயம் பேந்துடுச்சு. பதறிப்போய், பொம்மைக்குச் சாயம் பூசற வேலைக்குப் போற பக்கத்து வூட்டுப் பொண்ணைக் கூப்பிட்டேன்.

“அம்மனுக்கே ஸ்டிக்கர் பொட்டாக்கா?”ன்னு சிரிச்சா. “இது சூளையில சுட்டப்புறம் பூசின சாயம். சுரண்டினா கண்ணும் போயிடும். பசை மேல மட்டும் தேங்காண்ணெ தொட்டு வச்சுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

சும்மா எங்க இருக்கறது? அடுப்புக்கும் சாமி மாடத்துக்கும் பத்து தடவை நடந்தேன். அப்புறம் பஞ்சால மெல்ல ஒத்தினேன். பசை வந்துடுச்சு, கண்ணு தப்பிச்சுது. மன்னிப்புக் கேட்டு விளக்கேத்தினேன். ஆனாலும் கும்பிடும்போதெல்லாம் என் பார்வை அந்தப் புருவ ஓரத்துக்கே போச்சு.