வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறை வருவார்

கன்னிவாடியில் நான் வீடு தேடி அலைந்தபோது, வாடகை எவ்வளவு தருவாய் என்று முதலில் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றுதான் கேட்டார்கள்.

நான் மாட்டு டாக்டர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அடிவாரத்துக் கிராமங்களுக்கு என்னை மாற்றிப் போட்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தேன். விடுதி அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வார்டன் நினைத்தபோது திறப்பார், பார்ப்பார், போவார். மாடு ஈனுவதற்குக்கூட ஒரு மறைப்பு கட்டுகிறார்கள், எனக்கு அது இல்லை. எனக்கென்று ஒரு கதவு, அதை உள்ளேயிருந்து நானே தாழ் போட வேண்டும் என்பது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

ஊர் அழகுதான், சும்மா சொல்லக் கூடாது. எந்தத் தெருவில் நின்றாலும் தலைக்கு மேல் மலை. வீட்டு புரோக்கருக்கு அந்த அழகின் விலை நன்றாகத் தெரிந்திருந்தது. "மத்தவன்லாம் கொடைக்கானலுக்குச் செலவு பண்ணிப் போய்ப் பாக்குறான் மேடம். உங்களுக்கு பாத்ரூம் ஜன்னல்லயே மலை" என்றார். மலைக்கும் சேர்த்துத்தான் வாடகை என்று புரிந்துகொண்டேன். குரங்குகள் அந்த வாடகைக்குள் அடக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வீட்டில் பெரியவர் ஒருவர் காபியெல்லாம் கொடுத்தார்.

"சார் வரலையா?"

"சார் இல்லைங்க."

"வெளியூர்ல வேலையோ?"

"வெளியூர்லயும் இல்லைங்க. சாரே இல்லை."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காபி டம்ளரைத் திரும்ப வாங்கிவிடுவாரோ என்று பயந்து மடமடவென்று குடித்தேன். "வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்மா, அடிச்சதும் சொல்லி அனுப்புறேன்" என்றார். நான் சாய்ந்து நின்ற சுவரின் புது வெள்ளை என் புடவை முதுகு முழுக்க ஒட்டியிருந்தது. பிறகொரு நாள் அவர் மாட்டுக்கு ஊசி போடப் போனபோது, பெட்டியில் கொஞ்சம் பெரிய ஊசியாகத் தேடினேன். மாடு என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

இப்படியே தெருத் தெருவாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் மகளுக்கு வளைகாப்பு வந்தது, இன்னொரு வீட்டில் வாஸ்து குறுக்கே வந்தது. மாடுகள் மட்டும்தான் அந்த ஊரில் என்னிடம் சாரைக் கேட்கவில்லை.

கடைசியில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரின் வீடு அமைந்தது. அங்கே தக்காளி மண்டி வைத்திருப்பவர். கன்னிவாடி வீட்டைச் சமீபத்தில்தான் வாங்கியிருந்தார், அதனால் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. அவரும் கேட்டார், ஆனால் வேறு மாதிரி.

"குடும்பந்தானுங்களே டாக்டரம்மா? குடும்பத்துக்குத்தான் விடோணும்னு எங்கூட்டுல சொல்லியிருக்காங்க."

"குடும்பம்தாங்க."

நாகர்கோவிலில் அப்பா, அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் குடும்பம் இல்லாமல் வேறென்ன? குடும்பம் எங்கே தங்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாவியைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று மட்டும் அந்தத் தாழ்ப்பாளை எத்தனை முறை போட்டுத் திறந்தேனோ.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினேன். பால் வாசனைக்கு வந்ததுபோல் எதிர்வீட்டு அக்கா வந்தாள். பூக்கட்டி விற்பவள், கை பூ கட்டும்போதே வாய் ஊர்க்கதை கட்டும். அவளும் வாடகைக்குத்தான் இருந்தாள்.

"வீட்டுக்காரரு எங்க டாக்டரம்மா?"

மாதக்கணக்கில் வீட்டுக்காரர்களிடம் பல்லிளித்துத் திரிந்தவள் நான். அந்த வார்த்தைக்கு எனக்கு அப்போது ஒரே அர்த்தம்தான்.

"ஒட்டன்சத்திரத்துல இருக்காரு. தக்காளி மண்டி."

"இங்க வர மாட்டாரா?"

"மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு."

"அம்புட்டுத்தானா?"

"அதுவே ஜாஸ்திக்கா. அடிக்கடி வந்தா நமக்குத்தான் தொந்தரவு."

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ரொம்பக் கண்டிஷனான ஆளோ?"

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி மோட்டார் போடக் கூடாதுன்னாரு. மத்தபடி தங்கமான மனுசன்."

"புள்ளைக?"

"அவருக்கு மூணு புள்ளைக்கா. எல்லாத்துக்கும் கல்யாணம் முடிச்சிட்டாரு."

அக்காவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. செத்த நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "மூத்தவ இருக்காளா?" என்றாள்.

அடக் கடவுளே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் கேட்டது புருஷனை, நான் சொன்னது ஹவுஸ் ஓனரை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடினேன். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் அது ஒட்டன்சத்திரம் போய்ச் சேரும், அதற்கடுத்த பஸ்ஸில் நான் விடுதிக்குப் போய்ச் சேருவேன். "இருக்காங்கக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் சத்தியமான உண்மைதான்.

அன்றிலிருந்து நான் அக்காவுக்கு டாக்டரம்மா இல்லை, "ஏம்புள்ள" ஆகிவிட்டேன். தினமும் ஒரு கிண்ணத்தில் வெஞ்சனம் வரும். ஒருநாள் கத்திரிக்காய்ப் புளிக்கூட்டு, ஒருநாள் கருவாட்டுத் தொக்கு. "எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்லதான் கெடக்காரு, மாசத்துக்கு ஒருதடவதான் வாராரு. எனக்குத் தெரியாதா ஒன் கஷ்டம்?" என்பாள். தெருவே என்னைப் பாவமாகப் பார்த்தது. கல்யாணம் ஆகாதவள் என்றால் வாசலில் நிற்கவே இடமில்லை, ரெண்டாந்தாரம் என்றால் கருவாட்டுத் தொக்கு! இந்த நியாயத்தை நினைத்து ராத்திரி தனியாகச் சிரிப்பேன். தொக்கை வழித்துத் தின்றுவிட்டுத்தான் சிரிப்பேன்.

ஒரு சந்தை நாளில் வாசலில் கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கினார். மறுபக்கம் அவருடைய மனைவி இறங்கினார். நல்ல வாட்டசாட்டம், கண்ணாலேயே சுவரில் ஆணி இருக்கிறதா என்று தேடியபடி வந்தார். அவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். மூத்தவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்கு எண்ணம். நேராக வீட்டுக்காரரிடம் போய் நின்றாள்.

"மாசத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தாப் போதுமாய்யா? இந்தப் புள்ள ஒத்தையில கெடக்குது."

"என்னுங்க பண்றது, மண்டிய உட்டுப்போட்டு வர முடியறதில்லீங்க" என்றார் அவர், வீட்டில் மோட்டார் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டு. "ஏதாச்சும் ரிப்பேருன்னா போன் பண்ணச் சொல்லியிருக்கேனுங்களே."

"ரிப்பேரா! மனசு விட்டுப் போன புள்ளைக்கு போன்ல என்னய்யா ரிப்பேரு?"

வீட்டுக்காரரின் மனைவி எழுந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, வாடகைக்கு உட்டவங்க தெனமும் வந்து தாலாட்டோணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா?"

வாடகை என்ற வார்த்தை அக்காவின் காதில் விழுந்தது. அவரைப் பார்த்தாள், அவர் மனைவியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும்" என்று அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "குடும்பம்னு சொல்லித்தான் வந்தீங்களாமா. உங்கூட்டுக்காரரு எங்கீங்க டாக்டரு? ஒரு சட்டை துணிகூடக் கொடியில காணமே."

தொலைந்தேன் என்று நினைத்தேன். கதவைப் பார்த்தேன். அந்தத் தாழ்ப்பாள், பாத்ரூம் ஜன்னல் மலை, பாழாய்ப்போன குரங்குகள் உட்பட எல்லாம் கையை விட்டுப் போவது தெரிந்தது. அவசரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"யாரு, இவ வீட்டுக்காரரா?" என்றாள் அக்கா. "திருப்பூர்ல எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒரே பனியன் கம்பெனியில்ல! எங்காளு கட்டிங் மாஸ்டரு, இவ ஆளு மேனேஜரு. மாசத்துக்கு ஒரு தடவதான் லீவு. போன வாரந்தான் ரெண்டு பேரும் வந்துட்டுப் போனாக. சட்டையெல்லாம் நாந்தான் துவைச்சு அடுக்கிக் குடுத்தேன்."

எனக்குப் புருஷனும் கொடுத்து, அவருக்கு மேனேஜர் பதவியும் கொடுத்துவிட்டாள். அந்தம்மா முகம் தெளிந்துவிட்டது. சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தார், ஆணி எதுவும் அகப்படவில்லை. போகும்போது "உங்கூட்டுக்காரரு வந்தா கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

கார் தெருமுனை திரும்பியதும் அக்கா வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். நானே ஆரம்பித்தேன்.

"உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லித் தப்பிச்சேன்க்கா. அவரு வந்தா என்னன்னு சொல்லுவீங்க?"

"அந்தாளு எங்க வாரான்? மூஞ்சியப் பாத்தே வருசக்கணக்காச்சு. அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறான்."

"மாசாமாசம் வர்றாருன்னு சொன்னீங்களே?"

"மொபெட்டுல ஒரு வழுக்கத் தலை வாராருல்ல, வாடகை வாங்க. அவரு யாரு?"

"உங்க ஹவுஸ் ஓனரு."

"அவரு வீட்டுக்காரரு இல்லாம பின்ன யாரு?"

இந்த வித்தையை நான்தான் கண்டுபிடித்ததாக எத்தனை மாதம் இறுமாந்திருந்தேன்! பிறகு மெல்ல இன்னொன்று உறைத்தது. புருஷனை வேறொருத்தியிடம் தொலைத்தவள், நானும் அப்படி ஒருத்தி என்று நம்பிக்கொண்டே எனக்குத் தினமும் கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அக்கா, நான் ரெண்டாந்தாரம்னு நெனச்சும் எனக்கு எதுக்கு வெஞ்சனம் குடுத்தீங்க?"

"ஏன், ரெண்டாந்தாரத்துக்குப் பசிக்காதா?" என்றாள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தெருவுல எவளாச்சும் கேட்டா, நம்ம வீட்டுக்காரரு ரெண்டு பேரும் தீவாளிக்கு வாராகன்னு சொல்லு. நானும் அதத்தான் சொல்லுவேன். மாத்திக் கீத்திச் சொல்லிப்புடாத புள்ள."