காக்கா ஆடியதை நான் பார்க்கவில்லை

நான் குடியிருப்பது பந்து அடித்துக் கட்டிய வீடு. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, என் காக்கா, அதாவது என் அண்ணன், ஸ்னூக்கர் ஆடிச் சம்பாதித்து, வயல் பக்கமாக எனக்கு இதைக் கட்டித் தந்தார். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும். வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத குடும்பத்தில் அது காக்காமாரின் தலையில் விழும். தங்கச்சியைக் கரைசேர்க்காமல் அவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கவும் மாட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு காக்கா. முப்பத்தைந்து வயது வரை மாப்பிள்ளையாகாமல் எனக்காகக் காத்திருந்தார்.

இவ்வளவையும் தந்த அந்த ஆட்டத்தை அவர் ஆடிய காலத்தில் நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். கூப்பிட்டார், நான் போகவில்லை.

கல்முனை பஸாரில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் அவர் ஆடப் பழகினார். டியூஷன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். சட்டைக் கையில் ஒட்டியிருந்த, பந்தடிக்கும் கோலின் நுனிக்குத் தேய்க்கும் நீலச் சோக்குத்தூள் காட்டிக்கொடுத்தது. எந்த வாத்தியார் நீலச் சோக்கால் எழுதுகிறார் என்று உம்மா கேட்டா. பிறகு ஊரே கேட்டது. பந்தடிப்பது சூது, அங்கே போகிறவன் உருப்படமாட்டான் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

காக்கா பிறவியிலேயே இடதுகைக்காரர். இடது கையால் சோற்றைத் தொட்டால் உம்மாவின் அகப்பைக் காம்பு அந்தக் கையில் விழும். அதனால் சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கைக்கு மாறின. ஆனால் மேசையில் அவர் இடது கையால்தான் கியூக் கோலைப் பிடித்தார். எட்டாத பந்து வந்தால் மற்றவர்கள் நுனியில் குறுக்குக் கட்டை வைத்த நீளத் தடியைத் தேடுவார்களாம். இவர் சத்தமில்லாமல் வலது கைக்கு மாறிவிடுவார். அது அபூர்வமான திறமை என்று ஒரு பேப்பரில் எழுதியிருந்தார்கள். அந்தப் பெருமையில் பாதி உம்மாவின் அகப்பைக்குச் சேர வேண்டியது.

கொழும்பில் ஒரு கிளப்பில் புள்ளி குறிக்கும் வேலைக்குப் போய், அங்கே வருகிறவர்களைத் தோற்கடிக்கத் தொடங்கி, நாட்டின் சம்பியனானார். பிறகு தொழில்முறை ஆட்டக்காரராக இரண்டு வருடம் லண்டனில் இருந்தார். லண்டன் என்றால் லண்டன் இல்லை. எங்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். அங்கே வென்றதைவிடத் தோற்றது அதிகம். மெலிந்துபோய் வந்து, உருளைக்கிழங்கு நல்ல ருசி என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கட்டாரில் ஆடினார், ஆடக் கற்றுக்கொடுத்தார். என் வீட்டுச் சுவர்கள் அப்போதுதான் எழும்பின.

வீடு பூச்சுக்கு வந்த நேரம் என்னைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், மார்க்கப்பற்றுள்ள குடும்பம். உங்கள் மகன் என்ன வேலை என்று மாப்பிள்ளையின் உம்மா, என் மாமி, கேட்டா. கட்டாரில் ஒஃபிஸில் இருக்கிறார் என்று உம்மா சொன்னா. தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற என்னை மாமி திரும்பிப் பார்த்தா. கம்பியூட்டர் வேலை என்று நான் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கம்பியூட்டர் உம்மா சொல்லித் தந்ததில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அடுத்த கிழமை காக்கா கொழும்புக்கு வந்தார். அங்கே ஒரு போட்டியின் இறுதி ஆட்டம் அவருக்கு இருந்தது. உம்மாவையும் என்னையும் கூட்டிவர வேன் பேசியிருப்பதாகவும், முன் வரிசையில் இடம் சொல்லியிருப்பதாகவும் போன் எடுத்துச் சொன்னார். அவர் எங்களிடம் எதையும் இவ்வளவு சந்தோசமாகச் சொன்னதில்லை. எனக்குப் போக ஆசை. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"நாங்க வரல்ல காக்கா. பேப்பர்ல போட்டோ வந்தா மாப்பிள வீட்டாக்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றேன்.

"ஓம் தங்கச்சி, அதுவும் சரிதான்" என்றார்.

அன்றைக்கு அவர் வென்றார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்பு இடுப்புச் சட்டை, கையில் கிண்ணம். ஊர் என்ற இடத்தில் கொழும்பு என்று இருந்தது. பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று உம்மா கோபப்பட்டா. அப்படிப் போடச் சொன்னதே காக்காதான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. தன் ஊரை அவர் எனக்காக மறைத்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்து இரண்டாவது கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் புருசனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

"உன்ட காக்கா கம்பியூட்டர்லயா பந்தடிக்கிற?" என்று கேட்டார்.

அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தது மட்டுமில்லை, அவர் காக்காவின் ரசிகர். அந்த இறுதி ஆட்டத்துக்கு, தன் உம்மாவிடம் ஆசிரியர் கருத்தரங்கு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். யாருக்குப் பயந்து நான் போகாமல் இருந்தேனோ, அந்த ஆள் அந்த மண்டபத்திலே இருந்து கைதட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அவர் மேலும் என் மேலும்.

காக்காவின் ஆட்டம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மச்சான் சொல்லித்தான். சாப்பாட்டு மேசையில் பந்துகளுக்குப் பதிலாகத் தேசிக்காய்களை, எலுமிச்சம்பழங்களை, பரப்பிக் காட்டுவார். காக்கா அவசரப்படமாட்டாராம். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் குனிவாராம். விழுமா விழாதா என்ற பந்தைத் தொடவேமாட்டார். எதிராளி நேராக அடிக்க வழியில்லாதபடி வெள்ளைப் பந்தை மண்ணிறப் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். எதிராளி பொறுமையிழந்து ஒரு பிழை விடுவான். அதன் பிறகு அவன் கதிரையை விட்டு எழும்ப வேலையிருக்காது. கேட்கக் கேட்க எனக்கு ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. யூடியூபில் ஒரு வீடியோத் துண்டு இருக்கிறது. அதில் காக்கா கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆடிக் காட்டச் சொல்லி அடுத்த முறை கேட்போம், அடுத்த பெருநாளைக்குக் கேட்போம் என்று வருசங்கள் போயின. மச்சானுக்கு முன்பே தெரியும் என்பதையும் நான் காக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், சும்மா ஒரு பயத்துக்காக அவரை ஊரில்லாத ஆளாக்கியது வெளியே வந்துவிடும். அவரும் மருதமுனையில் கல்யாணம் முடித்து, பெண்சாதி வீட்டுக்குக் குடிபோனார். போன வருடம் கட்டாரை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் கண்ணில் இறங்கியிருந்தது.

இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் அங்கே இருந்ததையும் சொன்னேன். நீங்கள் ஆடுவதை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "சரி, வா" என்றார், கடைக்குப் போவது மாதிரி.

கல்முனையில் புதிதாகத் திறந்திருக்கும் ஸ்னூக்கர் இடமொன்றில் மச்சான் கதைத்து, காலையில் ஆட்கள் வருமுன் எங்களை உள்ளே விடச் செய்தார். காக்கா முதலில் பச்சைத் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து கியூவின் இரண்டு துண்டுகளையும் திருகிப் பூட்டினார். மேசையைச் சுற்றி வந்தார். குனிந்து தாடை நாடியைக் கியூவில் வைத்ததும் அவருடைய உடம்பு அப்படியே அடங்கியது. இதை மச்சானால் தேசிக்காயை வைத்துக் காட்ட முடிந்ததில்லை.

சிவப்புப் பந்து மேசை மூலையிலிருக்கும் பொக்கட் குழியின் ஓரத்தில் இடித்துத் திரும்பியது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது பந்தில் வெள்ளை படவேயில்லை. தூரத்தில் நிற்பவை புகையாகத் தெரிகின்றன என்றார். கியூவை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் நல்லா ஆடின காலத்துல நீ பார்த்திருக்கணும், தங்கச்சி."

அத்தனை வருடங்களில் அவர் என்னைக் குறையாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான். நான் போய் அந்தச் சிவப்புப் பந்தை எடுத்து, அவருக்குக் கிட்டவாக வைத்தேன். தெரியுதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னும் கிட்ட வைத்தேன். இன்னும் கொஞ்சம். வெள்ளைப் பந்துக்கு ஒரு சாண் தூரத்தில், பக்கத்துப் பொக்கட்டுக்கு நேரே கொண்டுவந்து வைத்தபோது, "ஓம், இப்ப தெரியுது" என்றார்.

குனிந்தார். அடித்தார். பந்து உள்ளே போனது. சின்னப் பிள்ளையும் போடக்கூடிய பந்து அது. என் காக்காவின் ஆட்டத்தில் நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.