குறட்டை நின்றுபோன காலை

போன மாதம் ஒரு காலை. வாசல் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். என் சாவுக்கு ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள்.

ஆண்கள் தோளில் துண்டோடு. பெண்கள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. ஒருவர் முகத்திலும் காப்பி குடித்த களை இல்லை. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு சுப்பு மாமா. கையில் வாளியும், கன்னத்தில் பட்டை பட்டையாகத் தழும்புமாக நின்ற என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"நீயா?"

"பின்னே யாரு மாமா?"

"அப்போ... உள்ள இருக்கறது யாரு?"

"அவர்தான். தூங்கறார்."

"தூங்கறானா... இல்லே..." என்று இழுத்தார் மாமா. அந்த நேரம் பார்த்து என் கணவர் கொட்டாவி விட்டபடி வாசலுக்கு வந்து சேர, கூட்டம் மொத்தமாகக் குழம்பிப்போயிற்று.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பிளஸ் ஒன் படிக்கும் மகள் நித்யாவை ட்யூஷனிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். கிள்ளிப்பாலம் ஜங்ஷன் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது அவள் அலறல். எதிரே ஒரு பஸ்ஸின் முகம். பின்னாலிருந்து எட்டி என் கைமேல் கையை வைத்து அவள்தான் ஹேண்டிலைத் திருப்பியிருக்கிறாள். பஸ் எங்களை உரசாமல் போயிற்று. நான் ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் நித்யா பையை மாட்டிக்கொண்டு, பாதி மலையாளத்தில் சொன்னாள். "நான் பஸ்ஸில போய்க்கறேன் அம்மா. நீ வெறுதே டென்ஷன் ஆகண்டா, கேட்டோ."

டென்ஷன் ஆகாமல் எப்படி இருப்பது? ஏறினாயா, இறங்கினாயா, குடை இருக்கிறதா என்று மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். பெற்றவளுக்கு ஒரு கட்டைவிரல்! அதுகூடப் பரவாயில்லை. என் பின்னால் உட்கார என் பெண்ணுக்கே பயம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை ஒயர் மாட்டித் தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். ஸ்லீப் ஆப்னியா என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறதாம். மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் எவ்வளவு தூங்கினாலும் பகலில் கண் சொருகுகிறது. இதற்கு சிபாப் என்று ஒரு மெஷின். குழாய் வழியாக முகமூடிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தொண்டையை மூடவிடாது. "நீங்கள் இதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகத் தூங்குவதாக மெஷின் சொல்லட்டும். அதுவரை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்" என்றார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். மூக்கிலிருந்து இடுப்பு வரை தும்பிக்கை. கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கொழுக்கட்டை பண்ணிடலாமா?" என்றார். பதிலுக்குத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். 'புஸ்ஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. கல்யாணம் ஆன நாளாய் நான் அவரிடம் ஒரு வாக்குவாதத்தில் தோற்றது அன்றுதான்.

முகமூடியோடு கண்ணை மூடினால், ஓடும் ரயிலின் ஜன்னலில் முகத்தை வைத்துத் தூங்கச் சொன்ன மாதிரி இருக்கும். தூக்கத்திலேயே பிய்த்து எறிந்துவிடுவேன். காலையில் பார்த்தால், இடி விழுந்தாலும் எழாத என் கணவர் அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பார். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் நித்யா பஸ்ஸுக்கு ஓடுவது கண்ணில் படும். மறுபடி மாட்டிக்கொள்வேன்.

கடைசி முயற்சியாக மெஷினை ஸ்டூலிலிருந்து எடுத்துச் சுவர் அலமாரியில் வைத்தோம். குழாய் இழுபடாமல் இருந்தது. அன்றுதான் முதல் முறையாக, முகமூடி கழலாமல், அதன் பட்டை கன்னத்தில் தழும்பாகப் பதியும் அளவுக்கு, நான் விடியும்வரை தூங்கினேன்.

சத்தமில்லாமல் தூங்கினேன். அதுதான் வினை.

கரமனை அக்ரஹாரத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் அலமாரியின் முதுகில்தான் சுப்பு மாமாவின் கட்டில். இன்னொரு வழக்கமும் உண்டு. தெருவில் யாராவது போய்விட்டால், எடுக்கும்வரை கோவில் நடை திறக்காது. எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

மாமா விளக்கினார். "ராத்திரி முழுக்க உன் சத்தத்தைக் காணும். பகவானே, போயிட்டாளேன்னு நெனச்சேன். கவனிச்சா செவுத்துல 'உம்ம்ம்'னு ஒரு எரைச்சல். சரி, ஃப்ரீசர் பெட்டியும் வந்தாச்சு. இவன் தம்பி துபாய்லேருந்து வரணுமே, அதுக்காக்கும் வெச்சிருக்கான்னு..."

கோவிலுக்கும் அவரே போன் செய்து நடை திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே மாமா?"

"துக்கம் நடந்த ஆத்துல போய் துக்கமான்னு கேப்பாளா? நன்னாருக்கே!"

பின்னாலிருந்து ஒரு மாமி, "அப்போ அடுப்பு பத்த வெக்கலாமோல்லியோ? நேக்கு பிரஷர் மாத்திரை போடணும்" என்றாள். "நீ கொஞ்சம் நேரத்தோட எழுந்திருக்கப்படாதோ?" என்று இன்னொருத்தி குறைப்பட்டாள்.

உயிரோடு இருப்பதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லே, பரவால்லே" என்று கலைந்தார்கள். பெரிய மனசு!

மாமா மட்டும் நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா... என் சத்தம் தினமும் கேக்குமா?"

"பின்னே! நாலு கொறட்டை வரும். டக்குனு நிக்கும். நானும் மூச்சைப் புடிச்சுண்டு கெடப்பேன். அப்பறம் 'ஹாக்'னு ஒரு சத்தம். அப்பாடா, வந்துடுத்துன்னு திரும்பிப் படுப்பேன். வருஷக்கணக்கா இதான் நேக்கு ஜோலி."

டாக்டர் ஒயர் மாட்டிக் கண்டுபிடித்ததை இவர் கட்டிலில் படுத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா மாமா?"

மாமா பதறிவிட்டார். "ஒரு பொம்மனாட்டிகிட்டப் போய் நீ கொறட்டை விடறேன்னு எப்படிம்மா சொல்றது? செவுரு வழியா வர்றதை வாயால பேசப்படாது. மர்யாதையாக்கும் அது."

மரியாதை! அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால், அந்த பஸ் என் பெண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருக்காது. சரி, கோபப்படலாம் என்றால் அதுவும் முடியவில்லை. எனக்கு மூச்சு வரும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? மூச்சு நிற்கிறது என்று ஒருவரிடம் சொல்லக் கூசுகிறோம். நின்றுவிட்டது என்று தெரிந்தால், காப்பிகூடக் குடிக்காமல் முதல் ஆளாக வந்து நிற்கிறோம். என்ன நாகரிகம் பாருங்கள்!

அன்றிலிருந்து முகமூடியோடு சண்டை போடவில்லை. நித்யா தினமும் காலையில் மெஷினின் கணக்கை போனில் பார்த்து, ரேங்க் கார்டு பார்க்கும் அப்பா மாதிரி "உம்" என்பாள். போன வாரம் டாக்டர் ஸ்கூட்டருக்கு அனுமதி கொடுத்தார். நித்யா வந்து பின்னால் ஏறினாள். வழி முழுக்க முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். "அம்மா, எந்தா மிண்டாம வர்றே? ஏதாவது பேசிண்டே இரு!" அவரைக்காய் விலையில் ஆரம்பித்து ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேர் வரை பேசினேன். ட்யூஷன் வாசலில் இறங்கியதும் சொன்னாள்:

"நாளைக்கு இவ்வளவு பேச வேண்டாம்."

நாளைக்கு என்றாளே! அது போதும் எனக்கு.

நன்றாகத் தூங்கி எழுவதில் ஒரு சங்கடம், விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து, காது கூர்மையாகிவிடுகிறது. மாமா எழுந்து பாத்ரூம் போகிறார். வருகிறார். மறுபடி போகிறார். நானும் மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? நேற்று முன்தினம் வாசலில் பிடித்துக் கேட்டேவிட்டேன். "மாமா, அடிக்கடி எழுந்து போறேளே... ஷுகர் பாத்தேளா?"

மாமா முகம் சிவந்துபோயிற்று. "மனுஷன் பாத்ரூம் போறதையெல்லாமா காது குடுத்துக் கேப்பா? சை!" என்றார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

ஆனால் இன்று காலை அவர் வீட்டு மாமியிடம், லேபுக்கு வெறும் வயிற்றோடுதானே போகணும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதையெல்லாம் வாயால் பேசக்கூடாது.