கண்மாய்க்கரை வரை கேட்ட குரல்

காளவாசலில் ஒரு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் மைக்கும் கம்ப்யூட்டரும் இருக்கும். கதவைத் தள்ளினால் வீடு. கோயில் பாட்டு, கட்சி விளம்பரம், கடைத் திறப்பு அறிவிப்பு என்று எது வந்தாலும் பதிவு செய்வேன். மதுரையில் பாதிப் பேருடைய தொண்டை என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. என் மனைவியின் குரல் மட்டும் இல்லை.

போன வருஷம் அவள் இறந்த பிறகுதான் இது உறைத்தது. தேடாத இடமில்லை. மைக்கைக் கண்டாலே சமையலறைக்குள் போய்விடுகிறவள் அவள். வாட்ஸ்அப்பில்கூட எழுதித்தான் அனுப்புவாள். கல்யாண வீடியோவில் பேசியிருப்பாளே என்று போட்டுப் பார்த்தால், வீடியோ எடுத்த புண்ணியவான் முதலிலிருந்து கடைசிவரை நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பி வைத்திருக்கிறான். அவள் பேசுவதே மெதுவாகத்தான் இருக்கும். மளிகைக் கடைக்காரர் எப்போதும் இரண்டாவது முறை "என்னம்மா?" என்று கேட்பார். சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்போது வீட்டில் என்னைக் கூப்பிடுவது குக்கர் விசில் ஒன்றுதான்.

என் தொழிலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "சவுண்டு பத்தலண்ணே." அதற்கு மருந்து கம்ப்ரஷன். பாட்டில் உரத்து வரும் இடத்தை அமுக்கி, அடங்கி வரும் இடத்தைத் தூக்கி, மேடு பள்ளம் இல்லாமல் வயலைப் பரம்படிப்பதுபோல ஒரே மட்டமாக்கிவிட்டு, பிறகு மொத்தத்தையும் ஏற்ற முடிந்த அளவுக்கு ஏற்றிவிடுவது. எனக்கு இது ஆகவே ஆகாது. பாட்டு என்றால் ஒருவர் தூரத்திலிருந்து நடந்து வரவேண்டும், பக்கத்தில் வந்து நிற்கவேண்டும், திரும்பிப் போகவேண்டும். கம்ப்ரஷன் போட்டபின் யாரும் வருவதுமில்லை, போவதுமில்லை. எல்லோரும் காதுக்குள்ளேயே நின்று கத்துகிறார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னால் கேட்டுவிட்டு, அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விழாக் கமிட்டிக்காரர் வந்தார். சில வருஷங்களுக்கு முன் அவர்கள் ஊர் அம்மனுக்கு நான் பதிவு செய்து கொடுத்த பாட்டைத் திரும்பவும் கொண்டுவந்திருந்தார்.

"பக்கத்து ஊர்க்காரய்ங்க புதுசா ஒரு பாட்டுப் போட்டுருக்காய்ங்கண்ணே. நம்ம பாட்டை அப்படியே அமுக்கிருது. எம்புட்டு ஏத்த முடியுமோ அம்புட்டும் ஏத்திருங்க."

பழைய அசல் பதிவை எடுத்து, கம்ப்ரஷனைப் போட்டு அடி அடியென்று அடித்தேன். சத்தம் வேண்டும் என்கிறவர்களுக்காக வேலை செய்யும்போது பாட்டின் நடுவைத்தான் பார்ப்போம். உறுமியும் கோரஸும் சேரும் இடம் அதுதான். முடிவை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

அந்த ஊரில் பாட்டை ஸ்டுடியோவில் கேட்டு ஒத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கோயில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போடுவார்கள். செய்தவன் பக்கத்து ஊர் எல்லையில் இருக்கும் கண்மாய்க்கரையில் போய் நிற்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டால்தான் பாஸ். சாயங்காலம் கமிட்டிக்காரர் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் இறக்கினார். கோயிலில் இருந்த ரேடியோ செட்டுக்காரருக்குப் போன் செய்து, "போடுப்பா" என்றார்.

பாட்டு வந்தது. சமணர் மலையில் மோதித் திரும்பியும் வந்தது. கண்மாயில் நின்ற கொக்குகள் எழுந்து போயின. கமிட்டிக்காரர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்குத் தலை வலித்தது.

பாட்டு முடிந்தது. ஆனால் சத்தம் முடியவில்லை. முதலில் பதிவு செய்த அன்று, பாடியவர்கள் நிறுத்திய பிறகும் உறுமியின் அதிர்வு அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் பதிவை ஓடவிட்டிருந்தேன். அப்போது பாட்டாக்கிக் கொடுத்தபோது அந்த வாலை நறுக்கியிருந்தேன். இந்த முறை மறந்துவிட்டேன். கம்ப்ரஷன் அதையும் தூக்கி நிறுத்திவிட்டது. என் அறையின் மின்விசிறி வயல் முழுக்கச் சுற்றியது. காளவாசல் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஒரு கதவு கிரீச்சிட்டது. அதன்பிறகு, மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே, அவள் பேசினாள்.

"ஏங்க, சோறு ஆறுது. வாரீங்களா?"

உயிரோடு இருந்தவரை அவள் இம்புட்டுச் சத்தமாகப் பேசியதே இல்லை. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கமிட்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரோ சாப்பிடக் கூப்பிடுறாகண்ணே! திருவிழா அன்னைக்கு இது ஓடுச்சுன்னா ஊரே பந்தியில வந்து உக்காந்துரும். அதை மட்டும் வெட்டிருங்க."

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க" என்றேன்.

"ஏண்ணே, அதான் பாஸாயிருச்சே?"

"கடைசி எனக்குச் சரியாக் கேக்கல."

அந்தப் பாட்டு முழுவதையும் நான் மறுபடியும் கேட்டேன். அது முடிவதற்காக அவ்வளவு ஏங்கினேன். முடிந்தது, மின்விசிறி சுற்றியது, அவள் மறுபடி கூப்பிட்டாள். தூரத்தில் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து கோயில் பக்கம் பார்த்தாள். மலையும் ஒருமுறை என் மனைவியைப்போலவே சொல்லிப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம் வாலை வெட்டி, பாட்டைக் கமிட்டிக்காரருக்கு அனுப்பிவிட்டேன். வெட்டிய துண்டைத் தனியாக வைத்துக்கொண்டு ஹெட்போனில் கேட்டேன். கண்மாய்க்கரையில் கேட்டதேதான். வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு. ஆனாலும் அது அவளில்லை. மண்டைக்குள் நின்று அதட்டுகிற வேறு யாரோ. என் மனைவி என்னிடம் ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை.

கம்ப்ரஷனை எடுத்துவிட்டேன். குரல் அப்படியே அடங்கி உள்ளே போய்விட்டது. ஜன்னல்களைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். கீழே பஸ்கள் கொஞ்சம் ஓயும்வரை காத்திருந்து கேட்டபோது, பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது. "...ஆறுது. வாரீ..." ஆனால் அது எனக்குப் பின்னாலிருந்து, அவள் எப்போதும் ஒருக்களித்துத் திறந்து தலையை மட்டும் நீட்டும் அந்தக் கதவின் பக்கத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

அன்று அவள் கூப்பிட்டவுடன் பதிவை நிறுத்தியிருக்கிறேன். அதனால் நான் சொன்ன பதில் அதில் இல்லை. கதவைப் பார்த்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து சாப்பிடப் போனேன்.